எந்தக் கிரீம் வாங்குவது? கரப்பான் தோல் நோய்க்கான தேர்வுகளை எடைபோட்டுப் பார்த்தால்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மருந்தகத்தின் கண்ணாடி மேசைமேல் ஒரு தாய் மூன்று பொருள்களை வரிசையாக வைத்தார். முதலாவது, இரவுச் சந்தையில் வாங்கிய வெள்ளைக் களிம்பு. டப்பாவில் ஒரு பூப்படத்தைத் தவிர உருப்படியான எழுத்து எதுவும் இல்லை. இரண்டாவது, அரசு கிளினிக்கில் கொடுத்த 15 கிராம் டியூப். தேதி முடிந்துவிட்டது, ஆனால் பாதிகூடத் தீரவில்லை. மூன்றாவது, கோலாலம்பூரில் இருக்கும் நாத்தனார் வாங்கித் தந்த விலையுயர்ந்த லோஷன். இடுப்பில் இருந்த நான்கு வயதுப் பையன் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

"மிஸ், இதில் எதைத் தொடர்ந்து போடுவது?"

வாரத்துக்கு நான்கைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். மேசையில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடியாததால்தான் எழுதுகிறேன். என் பதிலின் சாரம் இது: தீர்ந்துபோகிற டப்பாதான் வேலை செய்கிறது. அலமாரியில் ஆறு மாதம் பாதியோடு நிற்கிற டியூப் எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை.

முதலில், எதை எதோடு ஒப்பிடுகிறோம்

பாட்டிமார் கரப்பான் என்பதும், மருத்துவர்கள் எக்ஸிமா என்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். தோலின் மேலடுக்கு தகரக் கூரை மாதிரி இருக்க வேண்டும். இவர்களுக்கு அந்தக் கூரையில் ஆணி ஓட்டைகள் இருக்கின்றன. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது. சோப்பு, தூசி, கிருமி எல்லாம் உள்ளே வருகின்றன. உள்ளே வந்ததை எதிர்த்து உடல் கிளப்பும் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். ஃபிலாக்ரின் என்ற தோல் புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பது இதற்கு ஒரு காரணம் என்று 2006ல் கண்டுபிடித்தார்கள். "நான் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால்தான்" என்று அழும் தாய்மாரிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

ஆகவே வேலை இரண்டு. ஓட்டையை அடைப்பது ஈரப்பதக் கிரீமின் வேலை. தினமும், தோல் நன்றாக இருக்கும் நாளிலும் நடக்க வேண்டும். எரியும் நெருப்பை அணைப்பது ஸ்டீராய்டு கிரீமின் வேலை. தேவைப்படும் நாள்களில் மட்டும். இந்த இரண்டையும் "அரிப்பு கிரீம்" என்ற ஒரே பெயரில் கேட்பதால்தான் பாதிக் குழப்பம்.

எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கற்கள் ஐந்து. மாதத்துக்கு எவ்வளவு தேவை, அதற்கு என்ன செலவு? புண்ணில் பட்டால் எரியுமா? நம் வெயிலிலும் வியர்வையிலும் பூசிக்கொண்டு இருக்க முடியுமா? தவறாகப் போட்டால் என்ன கெடுதல்? உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டி சொல்கிறதா?

விலையை டியூப்புக்குப் பார்க்காமல் மாதத்துக்குப் பாருங்கள். உடம்பெல்லாம் வறண்ட ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் முதல் 500 கிராம் வரை ஈரப்பதக் கிரீம் தேவைப்படும். குறைந்த அளவை எடுத்தாலும் மாதத்துக்கு ஒரு கிலோ. கணக்குக்காக, 200 கிராம் புட்டி 50 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஐந்து புட்டி, 250 வெள்ளி. 500 கிராம் டப்பா 15 வெள்ளி என்றால், இரண்டு டப்பா, 30 வெள்ளி. தோட்டச் சம்பளத்தில் இந்த வித்தியாசம் ஒரு மாத மளிகைக் கணக்கு. கை கால் மடிப்பில் மட்டும் இருந்தால் அளவு வெகுவாகக் குறையும். அப்போது விலை கூடியதையும் யோசிக்கலாம்.

முதல் தேர்வு: ஈரப்பதக் கிரீம்

| தேர்வு | எரிச்சல் | வெயிலில் | மாதச் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அக்குவஸ் கிரீம் | சில குழந்தைகளுக்கு உண்டு | லேசாக இருக்கும் | குறைவு | குளிக்கும்போது சோப்புக்குப் பதிலாக |
| எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் | பூசி விட்டால் சிலருக்கு உண்டு | பிசுபிசுப்பு | குறைவு | வெந்நீரில் கரைத்துக் குளிக்க |
| வெள்ளை பாரஃபின் | மிக அரிது | மிகுந்த பிசுபிசுப்பு | குறைவு | இரவில், வெடித்த தோலுக்கு |
| செராமைடு கிரீம் | குறைவு | நன்றாக இருக்கும் | அதிகம் | முகம், பள்ளிக்குப் போகும் நேரம் |
| யூரியா கிரீம் | புண்ணில் நன்றாக எரியும் | லேசு | நடுத்தரம் | பெரியவர்களின் தடித்த கை, குதிகால் |
| தேங்காய் எண்ணெய் | அரிது | பழகியது | குறைவு | லேசான வறட்சி |

அட்டவணையில் அடங்காத சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

அக்குவஸ் கிரீமைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல வீடுகளில் இதைத்தான் பூசி விட்டுவிடுகிறார்கள். இதன் பழைய பிரிட்டிஷ் செய்முறையில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரை தரும் பொருள் இருக்கிறது. அதைத் தோலிலேயே விட்டால் சில எக்ஸிமா குழந்தைகளுக்கு எரிச்சல் கூடுகிறது என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல் எச்சரித்தது. பூசிய இருபது நிமிடத்துக்குள் பிள்ளை "எரியுது" என்று அழுதால் அது அடம் இல்லை, டப்பாவை மாற்றுங்கள். அந்தப் பொருள் சேராத அக்குவஸ் கிரீமும் கிடைக்கிறது, பெட்டியைப் படித்து வாங்கலாம். எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்டிலும் அதே பொருள் உண்டு. ஆனால் ஒரு கரண்டி எடுத்துச் சுடுநீரில் அடித்துக் கரைத்து, ஆறிய பிறகு குளிப்பாட்டிக் கழுவிவிடும்போது பிரச்சினை வருவதில்லை. நுரை வராது என்பதால் "அழுக்குப் போகவில்லை" என்று மாமியார் சொல்லக்கூடும். போய்விடும்.

வெள்ளை பாரஃபின், அதாவது எல்லோரும் வாசலின் என்று சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லி, எளிமையானது. நீரில்லை, வாசனையில்லை, எரிச்சலில்லை. மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். பகலில் கனமாகப் பூசினால் வியர்வை அடைபட்டு மயிர்க்கால்களில் கொப்புளம் வரும். எனவே முடி வளரும் திசையில், கீழ்நோக்கித் தடவுங்கள், தேய்க்காதீர்கள். இன்னொன்றை நம் வீடுகளுக்காகவே சொல்கிறேன். இந்தப் பூச்சுகள் துணியில் ஊறி உலர்ந்தால், அந்தத் துணி எளிதில் தீப்பிடிக்கும். 2018ல் அதே பிரிட்டிஷ் அமைப்பு பாரஃபின் இல்லாத பூச்சுகளையும் சேர்த்தே இதை எச்சரித்தது. துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. சாமி மேடை விளக்கு, ஊதுபத்தி, தாத்தாவின் சிகரெட், தீபாவளி மத்தாப்பு: பூசிய பிள்ளையின் சட்டையும் போர்வையும் இவற்றின் அருகே போகக் கூடாது.

தோலில் இயல்பாகவே இருக்கும் செராமைடு என்ற கொழுப்பைச் சேர்த்த கிரீம்கள் தடவ இதமானவை, சட்டையில் ஒட்டுவதில்லை. ஆனால் விளம்பரம் சொல்கிற அளவு அதிசயம் ஒன்றுமில்லை. ஈரப்பதக் கிரீம்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டின் கோக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பாய்வு, ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. பிறகு இங்கிலாந்தில் 550 குழந்தைகளுக்கு லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என்று நான்கு வகையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022ல் வெளியான அந்த முடிவில் நான்குக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. பிள்ளைக்குப் பிடித்தது எதுவோ அதை வாங்குங்கள் என்று நான் துணிந்து சொல்வதற்கு இந்த ஆய்வுதான் காரணம். குளியல் தொட்டியில் ஊற்றும் விலையுயர்ந்த எண்ணெய்களை மட்டும் விட்டுவிடலாம். 2018ல் வந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு அவற்றைச் சேர்ப்பதால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கேட்டால் பாட்டிமார் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். விர்ஜின் எனப்படும், சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய், குழந்தைகளின் லேசான, நடுத்தர எக்ஸிமாவில் மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்ததாகப் பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வு 2014ல் சொன்னது. சமையலுக்கு வாங்கும் சுத்திகரித்த எண்ணெய் அதுவல்ல. நீர் வடியும் புண்ணுக்கும் இது ஆகாது. அதில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கற்பூரம் தோல் வழியாக உள்ளே போய்க் கைக்குழந்தைக்கு வலிப்பையே உண்டாக்கக்கூடியது. தைலங்களும் அப்படியே, சொறிந்த தோலில் நெருப்பாக எரியும். வேப்பிலை நீரில் குளிப்பாட்டுவதை நான் தடுப்பதில்லை. குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் கிரீமைப் பூசிவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

எதை வாங்கினாலும் டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். சுத்தமான கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் வைத்துப் பூசுங்கள்.

இரண்டாவது தேர்வு: ஸ்டீராய்டு கிரீம்

ஸ்டீராய்டு என்றதும் முகம் மாறுகிறது. "அது தோலை மெலிய வைக்குமாமே" என்பார்கள். வைக்கும், தவறான இடத்தில் தவறான வலிமையை மாதக்கணக்கில் போட்டால். ஆனால் மேசையில் நான் அதிகம் பார்ப்பது அந்தக் கெடுதலை அல்ல. பயந்து பயந்து கடுகளவு தடவி, நெருப்பை அணைக்காமல், மாதக்கணக்கில் புகைய விடுவதைத்தான். அந்தத் தாயின் பாதித் தீராத டியூப் அப்படிப்பட்டது.

வலிமையை நான்கு படியாகப் பிரிப்பார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% அடிப்படி: முகம், கழுத்து, கைக்குழந்தை. பீட்டாமெத்தசோன் வலரேட் 0.1%, மோமெட்டசோன் 0.1% ஆகியவை வலிய படி: உடல், கை கால், சில நாள்களுக்கு. குளோபெட்டசோல் 0.05% உச்சப் படி: பெரியவர்களின் தடித்த உள்ளங்கைக்குச் சரி, தோல் நிபுணர் சொல்லாமல் குழந்தைக்குக் கூடாது. இடைப்படியும் ஒன்று உண்டு. அரசு கிளினிக்கில் பீட்டாமெத்தசோனை நீர்த்துச் சின்ன டப்பாவில் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். நான்கில் ஒரு பங்காக்கினால் 0.025%. அந்த டப்பா நெடுநாள் நிற்காது. அண்ணனுக்குக் கொடுத்ததை மூன்று வருடம் கழித்துத் தங்கைக்குப் பூசாதீர்கள்.

அளவுக்கு ஒரு விரல் கணக்கு இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளையின் ஒரு கை முழுதுக்கும் இரண்டு விரல் அளவு. பெரியவரின் ஒரு கால், பாதத்தோடு, எட்டு விரல் அளவு, அதாவது நான்கு கிராம். 15 கிராம் டியூப் அந்தக் கால் முழுதும் நோய் இருந்தால் நான்கு தடவைக்குக்கூட எட்டாது. ஒரே டியூப் ஒரு வருடம் வருகிறது என்றால், சிக்கனம் அல்ல, பாதி வைத்தியம்.

பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை போதும். சிவப்பும் அரிப்பும் அடங்கி இரண்டு நாள் வரை தொடர்ந்து, நிறுத்துங்கள். அடிக்கடி திரும்பி வரும் இடத்துக்கு வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் போடச் சொல்லி மருத்துவர் தருவதுண்டு. மாதத்துக்கு நான்கு முறை கொழுந்துவிட்டு எரியவிடுவதைவிட அதில் மொத்த மருந்து குறைவு.

ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட் ஒரு மாற்று. கண்ணிமை, கழுத்து போன்ற மெல்லிய இடத்தில், ஸ்டீராய்டை நீண்ட நாள் போட முடியாதபோது இது மேல். தோலை மெலிய வைக்காது. இரண்டு வயதுக்கு மேல் 0.03%, பதினாறு வயதுக்கு மேல் 0.1%. முதல் சில நாள் எரியும், விலையும் கடிக்கும். மருத்துவர் சீட்டு வேண்டும்.

பூஞ்சை, பாக்டீரியா, அரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டியூப்பில் வரும் கலவைக் கிரீம்களை நான் விரும்புவதில்லை. படர்தாமரைமேல் ஸ்டீராய்டு விழுந்தால் வட்டம் மங்கி, அரிப்பு அடங்கி, அடியில் பரவும். மூன்று மாதம் கழித்து வரும்போது அது எதுவென்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது தேர்வு: எங்கே வாங்குவது

இரவுச் சந்தைக் களிம்பு இரண்டே நாளில் வேலை செய்யும். அதுதான் எனக்குச் சந்தேகம். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு எண்களும் அதன்பின் எழுத்தும் இருக்கும். எண்களை அடுத்த எழுத்து ஏ (A) என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, எக்ஸ் (X) என்றால் கடையில் நேரே வாங்கலாம், டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. அழகுக் களிம்புகளுக்கு என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் எண். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. ஒவ்வோர் ஆண்டும் சில அழகுக் களிம்புகளைத் தடை செய்கிறது. பெட்டியில் எழுதாமல் பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகுவினோன், பாதரசம் போன்றவற்றைக் கலந்ததே பெரும்பாலும் காரணம். ஸ்டீராய்டுக்குப் பயந்து டியூப்பை ஒதுக்கிய வீட்டில், பெயரெழுதாத ஸ்டீராய்டைப் பிள்ளையின் கன்னத்தில் தினமும் தேய்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அந்தத் தாய் டப்பாவை மெல்லக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கோபம் இல்லை, ஏமாந்ததில் வந்த கூச்சம்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குச் சீட்டு ஒரு வெள்ளி, மருந்தும் அதிலேயே. தினக்கூலிக்காரருக்கு உண்மைச் செலவு அரை நாள் சம்பளமும் பஸ் காசும்தான். அப்படியிருந்தும், நோய் இன்னதென்று முதல் முறை உறுதி செய்யவும், ஈப்போ பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் வாங்கவும் அங்கே போவதே மேல். தனியார் கிளினிக்கில் நேரம் மிச்சம், காசு கூடுதல். ஊசி போட்டு அனுப்பினால் என்ன ஊசி என்று கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசியில் வரும் சுகம் வாரங்களில் திரும்பிப் போய்விடும். மருந்தகம் பொருந்துவது, நோய் ஏற்கெனவே தெரிந்து, லேசாக இருக்கும்போது. ஆலோசனைக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை; ஆனால் கடைக்காரர் என்ற முறையில் எங்களுக்கும் விற்கும் ஆசை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

கடையில் அதிகம் கேட்கப்படும் தூக்கம் வரும் அரிப்பு மருந்து, கரப்பான் அரிப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை, தூங்க வைக்கிறது அவ்வளவுதான். முட்டை, இறால், பால் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்துவதும் அப்படியே. சாப்பிட்டவுடன் தடிப்பு, வாந்தி என்று தெளிவாகக் கண்டால் தவிர, மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கஞ்சியும் ரசமுமாக எடை குறைந்த குழந்தையைக் கொண்டு வருவார்கள். கரப்பான் அப்படியே இருக்கும்.

பெரியவர்களுக்குக் கணக்கு வேறு

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் ஓர் அண்ணன் இரண்டு வருடமாகக் குளோபெட்டசோல் வாங்கிக்கொண்டிருந்தார். போட்டால் ஆறும், திங்கட்கிழமை வேலைக்குப் போனால் வெடிக்கும். கைகளைப் பார்த்தால், மணிக்கட்டில் கையுறை முடியும் இடத்தில் கோடு கிழித்தது போல நோயும் முடிந்திருந்தது. ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் ஒரு பக்கம் தோலைச் சுடுகிறது. அதிலிருந்து காக்க அவர் போட்ட ரப்பர் கையுறையின் பதப்பொருள்களே ஒவ்வாமையையும் தரக்கூடியவை. இவருக்கு எந்தக் கிரீம் என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே பருத்தி, மேலே வினைல் கையுறை, வேலை முடிந்ததும் சோப்பில்லாமல் கழுவல், இரவில் பாரஃபின், வெடிப்பு ஆறிய பிறகு யூரியா. முதுகில் ஒட்டுப் போட்டு எந்தப் பொருள் ஆகவில்லை என்று கண்டறியும் பரிசோதனைக்கு ஈப்போ போகச் சொன்னேன். வேலையால் வந்த தோல் நோய் என்று உறுதியானால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் தொழில்சார் நோயாகக் கோரிக்கை வைக்கவும் வழி உண்டு. கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பாத்திரம் கழுவும் அக்காமாருக்கும் இதே கதைதான், அமிலத்துக்குப் பதில் சோப்புத்தூள்.

வீட்டில் எல்லோருக்கும், அதுவும் இரவில், விரலிடுக்கில் அரிப்பு என்றால் அது கரப்பான் அல்ல, சொறி. அதற்கு மருந்து வேறு, ஒரே நாளில் குடும்பமே பூச வேண்டும்.

ஒப்பீடே வேண்டாத நேரம்

மஞ்சள் பொருக்கு, சீழ், சுற்றிலும் சூடு பரவுதல் இருந்தால் அன்றே மருத்துவரிடம். காய்ச்சலோடு, ஊசியால் குத்தி எடுத்தது போல ஒரே அளவில் சின்னச் சின்னப் புண்கள் கூட்டமாக, வேகமாகப் பரவி, பிள்ளை சோர்ந்திருந்தால், அது உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பீஸ் கிருமி கரப்பான்மேல் ஏறியதாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை இரவாக இருந்தாலும் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் போட்டுக்கொண்டிருக்கும் எல்லா டியூப்பையும் டப்பாவையும், பெயரில்லாதவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.